பழைய ரசம் எவ்வளவு பழையது?

புது ரசத்தையும் பழைய துருத்திகளையும் பற்றிய ஆண்டவரின் உவமையை முதல் மூன்று நற்செய்தியாளர்களும் எழுதியுள்ளனர். அவர்களுள் லூக்கா மட்டுமே, பழையதைக் குடித்தவன் உடனே புதியதை நாடான் என்னும் கருத்துடைய ஒரு வாக்கியத்தை அதன் இறுதியில் சேர்த்துள்ளார் (லூக். 5:39). கோடெக்ஸ் பெசே என்னும் கையெழுத்துப் படியிலும் பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகள் சிலவற்றிலும் இவ்வசனம் இல்லை. ஆயினும் தொன்மையான படிகள் பலவும் இதனை உடையனவாதலின், இது லூக்காவினுடையதே என்று கொள்வதில் தடை இல்லை.

இவ்வசனத்தை விளக்கும்போது நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் செய்தி ஒன்று உண்டு. ரசம் நாள்பட நாள்பட உயரும் என்றும், ஐம்பது ஆண்டு, நூறாண்டு நிலவறையில் கிடந்த ரசமே அரசர்களின் பந்திக்கு உரியது என்றும் கூறுவர். மறுபுறத்தில், வேதாகமக் காலத்து ரசம் புளிப்பேறாத சாறே. ஆண்டவர் கையில் எடுத்த பாத்திரத்தில் இருந்ததும் அதுவே என்று உறுதியாய்ச் சொல்வோரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவர்போல் தோன்றுகின்றனர். ஆனால் ரசத்தைச் சேமித்து வைத்த வரலாற்றைப் பார்க்கும்போது, இருவரும் பிற்காலத்துக் கண்ணாடிப் புட்டியை முதல் நூற்றாண்டு யூதேயாவுக்குள் கொண்டுபோய் வைத்திருப்பதைக் காண்கிறோம்.

நாள்பட நாள்பட ரசத்துக்கு நேரிடுவது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது நலம். பழுத்த திராட்சையை மிதித்தவுடனே, கனியின் தோலிலும் ஆலையிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. வெப்ப நாட்டில் இதற்கு ஓரிரு நாட்கள் போதும். துருத்தியைக் கிழிப்பது இவ்வாயுவே. புளித்து முடிந்த பின்னர் ரசத்துக்குப் பகை காற்று. காற்றுப் படும் இடத்தில் வேறொரு நுண்ணுயிர் மதுசாரத்தைக் காடியாக்கிவிடும். சிவப்பு ரசத்துக்கு இதில் ஒரு தற்காப்பு உண்டு. அது தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிப்பதால், டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் செந்நிறப் பொருளும் அதில் இறங்குகின்றன. டானின் பிராணவாயுவை ஓரளவு தானே ஏற்றுக்கொண்டு ரசத்தைக் காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பும் நிறமும் பிணைந்து கனத்து அடியில் வண்டலாய்ப் படியும். நாவைப் பிடிக்கும் கடுமை தணியும். கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகும். அதற்கும் அப்பால் ரசம் பழுத்துத் தளர்ந்து, சுவையும் மணமும் இழந்துபோகும்.

இன்று உலகில் செய்யப்படும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. பிரான்சு நாட்டின் போர்தோவில் தேர்ந்த தோட்டங்களின் ரசம் 20, 30 ஆண்டுகள் நிற்கும். மதுசாரம் சேர்த்து வலுவேற்றப்பட்ட போர்ட் ஒயினில் சிறந்தவை அதற்கு மேலும் நிற்கும். அவையும் காற்றுப் புகாத புட்டியில், இருட்டில், 12 முதல் 15 பாகை செல்சியஸ் வரையுள்ள மாறாத குளிர்ச்சியில் கிடத்தப்பட்டிருந்தால்தான். எனவே ஒரு காலத்தவர் ரசத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க முடிந்தது என்று அறிய, அவர்களுடைய திராட்சையை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அவர்களுடைய சாடியையும், அதன் வாயை எதனால் அடைத்தார்கள் என்பதையும் ஆராய வேண்டும்.

எகிப்தியர் இதை நன்கு அறிந்திருந்தனர். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறையில் 26 ரசச் சாடிகள் இருந்தன. ஆண்டு, தோட்டம், தலைமை ரசக்காரரின் பெயர் ஆகியவை அவற்றுள் பலவற்றின்மேல் மையால் எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவை மன்னனின் 4, 5, 9ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. ஒன்றில் மட்டும் 31 என்று உள்ளது. துத்தன்காமன் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளே ஆண்டவனாதலால், அது மூன்றாம் அமென்கோதேப்பின் காலத்ததாய் இருக்கலாம் என்பர். அவ்வாறாயின் அடக்கத்தின்போது அதற்கு முப்பது வயதுக்கு மேல். 2004இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இக்கல்லறைச் சாடியின் உட்புறப் படிவைச் சோதித்து, அதில் இருந்தது சிவப்பு ரசமே என்று நிறுவினர்.

பலஸ்தீனாவில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று கிபியோனில் உள்ளது. எருசலேமுக்கு வடமேற்கே இன்று எல்-ஜிப் என்று வழங்கும் அவ்வூரை 1956 முதல் அகழ்ந்த ஜேம்ஸ் பிரிட்சர்டு, பாறையில் குடைந்த 63 நிலவறைகளைக் கண்டார். ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர் ஆழம். வாய் குறுகி உள்ளே அகன்று குப்பியின் வடிவில் அமைந்தவை. வெளியே கோடை எரியும்போதும் உள்ளே வெப்பம் சுமார் 18 பாகையில் நின்றது. ஊரின் பெயர் எபிரெய எழுத்தில் பொறித்த சாடிக் கைபிடிகள் 50க்கு மேல் அங்குக் கிடைத்தன. இவை எசேக்கியா, யோசியா ஆகிய அரசர்களின் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரச நிலவறைகள் என்பது பிரிட்சர்டின் முடிவு. யோசுவாவை ஏமாற்றச் சென்ற கிபியோனியர் கிழிந்து கட்டப்பட்ட ரசத் துருத்திகளைக் கொண்டுபோனார்கள் என்பதை வாசகர் நினைவுகூரலாம். துருத்தி வழிப்பயணத்துக்கு உரியது. சேமிப்புக்கு உரியது சாடி.

தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் சேமிப்பு முறை பற்றிய குறிப்புகள் உள்ளன. மோவாப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் வார்க்கப்படாமல் தன் வண்டலின்மேல் அசையாதிருந்தமையால் அதன் சுவை மாறவில்லை என்று எரேமியா கூறுகிறார் (எரே. 48:11). கர்த்தர் சகல ஜனங்களுக்கும் செய்யும் விருந்தில், வண்டல்மேல் தங்கித் தெளிந்த ரசம் உண்டு என்பது ஏசாயாவின் தரிசனம் (ஏசா. 25:6). வண்டலுக்கு எபிரெய மொழியில் உள்ள ஷெமாரிம் என்னும் சொல், காத்தல் என்னும் பொருளுடைய ஷாமர் என்னும் வேரிலிருந்து வந்தது எனப் பலர் கருதுவர். ரசத்தைக் காப்பது வண்டல் என்று அக்கால மக்கள் எண்ணியிருக்க வேண்டும். இறந்த ஈஸ்ட் பிராணவாயுவை உறிஞ்சும் தன்மையுடையது என்று இன்றைய ரசாயன நூலாரும் கூறுகின்றனர்.

ஆனால் எத்தனை ஆண்டு? இதற்கு நேரான விடை வேதாகமத்தில் இல்லை, மிஷ்னாவில் உள்ளது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட இந்நூலில் பாபா பத்ரா என்னும் பகுதி வாணிக வழக்குகளைப் பற்றியது. பழைய ரசம் தருகிறேன் என்று ஒருவன் விற்றால், அவன் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவன்? சென்ற ஆண்டின் ரசத்தை என்பது அங்குள்ள தீர்ப்பு. மிகப் பழையது என்று சொல்லி விற்றிருந்தால் மூன்று ஆண்டு ரசம். அவ்வளவே. ஐம்பதும் நூறும் அந்நூலாரின் கணக்கில் இல்லை.

அதே பகுதியில் வேறு சில விதிகளும் உள்ளன. நிலவறை ரசத்தை மொத்தமாய் வாங்குகிறவன், நூறு சாடிக்குப் பத்து புளித்துக் கெடத் தொடங்கியிருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நறுமணப் பொருள் சேர்த்த ரசம் என்று சொல்லி விற்றவன், வாரங்களின் பண்டிகை வரையில், அதாவது நம் பெந்தெகொஸ்தே வரையில், அது கெடாதென்பதற்குப் பொறுப்பாளி. அதற்கு மேல் கோடை. கோடைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. யாருடைய ரசம் வழக்கமாய்க் காடியாகிவிடும் என்று ஊருக்குத் தெரியுமோ, அவன் அதைச் சொல்லாமல் விற்றால் அவ்விற்பனை தவறான விற்பனை. சட்ட நூல்கள் மக்களின் அன்றாடக் கவலைகளை மறைக்க அறியாதவை. இவ்விதிகளை வாசிக்கும்போது, தம் முற்றத்துச் சாடியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் ஒரு கலிலேயக் குடியானவரின் முகம் நமக்குத் தெரிகிறது. பத்தில் ஒன்று போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கோடையைக் கடந்து கெடாமல் நின்ற ரசம் அவருக்கு அரிய பொருள்.

இதனை வைத்து லூக்காவின் வசனத்தை மீண்டும் நோக்குவோம். அவ்வசனத்தில் பேசுகிறவன் அரண்மனைச் செல்வன் அல்லன். அவனிடம் இருப்பது சென்ற அறுவடையின் ரசம், மிஞ்சினால் மூன்றாண்டு ரசம். அவன் வேண்டாமென்பது இவ்வாண்டின் ரசத்தை. அது இன்னும் கலங்கி, நுரைத்து, நாவைக் கடிக்கிறது. பண்டைக்காலத்துப் பெருமையை ஒருவன் பற்றிக்கொள்வதாக நாம் பொருள் விரித்தால், உவமையின் அளவை மிகைப்படுத்துகிறோம். அண்மையில் பழகியதை விட மனமில்லாத சாதாரண மனிதனே அங்கு இருக்கிறான். உபவாசத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியவர்களும் அத்தகையோரே.

நூறாண்டு ரசம் அக்காலத்தில் எங்குமே இல்லையா எனின், உரோமாபுரியில் இருந்தது. கி.மு. 121இல் ஒப்பிமியுஸ் கான்சலாய் இருந்தார். காயுஸ் கிராக்குஸ் கொல்லப்பட்ட அவ்வாண்டில் வெயில் மிகுந்து திராட்சை சிறப்பாய்ப் பழுத்ததாம். அவ்வாண்டின் ரசம் தம் காலத்திலும் இருந்ததென்று, ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து எழுதிய மூத்த பிளினி கூறுகிறார். எவ்வாறு இருந்தது? தேன்போல் இறுகி, கசந்து, தனியே குடிக்க இயலாததாய் இருந்தது. வேறு ரசத்தில் சிறிதளவு கலப்பதற்கே பயன்பட்டது. பெத்ரோனியுஸ் எழுதிய நகைச்சுவைக் கதையில் திரிமால்கியோ என்னும் புதுப்பணக்காரன், நூறாண்டு பழைய ஒப்பிமிய ரசம் என்று சீட்டு ஒட்டிய புட்டிகளைப் பந்தியில் வைக்கிறான். நீரோவின் காலத்தில் அது ஏறத்தாழ 180 ஆண்டு ரசமாய் இருக்க வேண்டும். சீட்டு எழுதியவனுக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது ஆசிரியர் அவ்வாறு நகையாடுகிறார்.

மருத்துவரின் சாட்சியம் இன்னும் நம்பத்தக்கது. மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசருக்கு மருந்து கலக்கும் பொறுப்புடைய காலென், அரண்மனை நிலவறையில் ஃபலேர்னிய ரசத்தை ஆண்டு ஆண்டாகச் சுவைத்துப் பார்த்து, கசப்பில்லாத ஒன்றைத் தேடினார். ஃபலேர்னியம் பத்தாண்டில் குடிக்கத் தகுதியாகும், பதினைந்து முதல் இருபது வரை நன்றாயிருக்கும், அதற்கு மேல் தலைவலி தரும் என்று அவர் கூறியதாக அதெனேயுஸ் குறித்துள்ளார். (ஃபலேர்னியம் வெண்ணிற வகை என்றே பலர் கருதுவர், உரோமர் பழமைக்காகப் போற்றிய ரசம் யாவும் சிவப்பு என்று எண்ணிவிடக் கூடாது.) அவர்கள் சாடியின் உட்புறம் கீல் பூசி, வாயைத் தக்கையால் அடைத்து, மேலே சாந்து பூசினர். பேரரசின் செல்வர் சிலருக்கே இது எட்டியது.

ஸ்பெயினில் கார்மோனா என்னும் ஊரில் 2019இல் திறக்கப்பட்ட முதல் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில், எரித்த எலும்புகள் இட்ட கண்ணாடிக் கலத்தில் சுமார் 5 லிட்டர் செந்நிற நீர்மம் இருந்தது. அது வெள்ளை ரசம், இரண்டாயிரம் ஆண்டில் நிறம் மாறியது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. துத்தன்காமன் சாடியில் சிவப்பு ரசத்தை உறுதிசெய்த அதே வேதிப்பொருள் இங்கே காணப்படாமையே இதற்குச் சான்று.

கீல் பூசிய சாடியின் ஆற்றலுக்கு நம் கடற்கரையிலேயே அடையாளம் உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைபிடிச் சாடிகள் உடைந்து கிடந்தன. சூலைத் திங்களில் எகிப்தின் செங்கடல் துறைகளை விட்டுப் பருவக்காற்றோடு வந்த கப்பல்கள் செப்டம்பர் அளவில் இந்நாட்டை அடைந்தன. அவ்வெப்பத்திலும் ரசம் குடிக்கத் தக்கதாய் வந்து சேர்ந்தது. புறநானூற்றின் 56ஆம் பாட்டு பாண்டியனுக்கு யவனர் கொணர்ந்த தேறலைச் சொல்லும்போது, அவர்களுடைய நல்ல கலத்தையும் சேர்த்தே சொல்கிறது. கலம் என்பது குப்பியா, மரக்கலமா என்பது உரைகாரர் வழக்கு. தேறல் என்னும் சொல்லோ தெளிந்தது என்னும் பொருளுடையது. ஏசாயாவின் தெளிந்த ரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் நாம் அறியோம்.

உரோமப் பேரரசு தளர்ந்த நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் சாடியின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்தது. உருட்டிச் செல்ல எளிது. ஆனால் மரம் மூச்சுவிடும், ரசம் குறையக் குறையக் காற்று உள்ளே புகும். ஆகவே இடைக்காலம் முழுவதும் பழைய ரசம் மலிவானது. இலையுதிர் காலத்தில் போர்தோவிலிருந்து புது ரசம் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்தை அடைந்தவுடன், சென்ற ஆண்டின் ரசம் விலை வீழ்ந்தது. லூக்காவின் வசனத்தை அக்காலத்து ஆங்கிலேயக் குருக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனரோ!

நாம் இன்று அறியும் நெடுநாள் ரசம் கண்ணாடியின் பிள்ளை. 1615இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர், கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடைசெய்தார். நிலக்கரியின் மிகுந்த வெப்பத்தில் கண்ணாடி கனமாயும் வலுவாயும் அமைந்தது. சர் கெனெல்ம் டிக்பி 1630களில் அதனைக் கொண்டு உறுதியான புட்டிகள் செய்வித்தார். தக்கை போர்த்துக்கல்லிலிருந்து வந்தது. வெங்காய வடிவப் புட்டி 18ஆம் நூற்றாண்டில் நீண்டு உருளையாயிற்று. அதனால் அதைக் கிடத்தி வைக்கவும், தக்கை நனைந்து உப்பியிருக்கவும் முடிந்தது. ஐம்பதாண்டு, நூறாண்டு ரசத்தைப் பற்றிய பேச்சு இதன் பின்னரே மீண்டும் பிறந்தது. திரிமால்கியோவும் உடன் பிறந்தான் போலும்: 1985இல் லண்டனில், 1787 என்று ஆண்டு பொறித்த ஒரு புட்டி 1,05,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. அதே தொகுப்பிலிருந்து வந்த வேறு புட்டிகளின் எழுத்துகள் இக்கால மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்று, வாங்கியவர் 2006இல் வழக்குத் தொடர்ந்தார்.

புளிக்காத சாற்றின் வரலாறோ இன்னும் குறுகியது. ரசம் கெடுவதேன் என்று ஆராய்ந்த லூயி பாஸ்டர் 1866இல் தம் நூலை வெளியிட்டு, 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் நுண்ணுயிர் அடங்கும் என்று காட்டினார். மூன்று ஆண்டு கழித்து, அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைன்லாந்தில், மெதடிஸ்டு சபையாரும் பல் மருத்துவருமான தாமஸ் பிராம்வெல் வெல்ச், அதே முறையில் திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துத் திருவிருந்துக்கென்று தந்தார். நம் சபைகள் பலவற்றின் பாத்திரம் அந்த 1869ஆம் ஆண்டுக்குக் கடன்பட்டது.

யூதேயாவில் திராட்சை அறுவடை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். பஸ்கா மார்ச்சு, ஏப்ரலில். இடைப்பட்ட ஆறேழு மாதம் சாறு சாறாகவே இருப்பது எவ்வாறு? முடியவே முடியாதென்று சொல்ல மாட்டோம். கீல் பூசிய சாடியில் சாற்றை அடைத்து முப்பது நாள் குளத்தில் அமிழ்த்தி வைத்தால் ஆண்டு முழுதும் இனிப்பாய் இருக்கும் என்று மூத்த கேட்டோ எழுதியுள்ளார். காய்ச்சிப் பாகாக்கும் முறையும் இருந்தது. ஆனால் இவை தனிப் பக்குவங்கள். ஊரார் பந்தியில் வைத்த ரசம் அதுவன்று. நற்செய்திகளில் வரும் திராட்சப்பழரசம் என்னும் தொடரைக் காட்டுவோர் உளர். யூதர் புளித்த ரசத்தின்மேல் சொன்ன ஸ்தோத்திரத்திலேயே திராட்சச் செடியின் கனி என்னும் தொடர் வழங்கியது என்பதை மிஷ்னாவின் பெராகோத் பகுதியில் காணலாம். கொரிந்து சபையில் சிலர் வெறித்திருந்தார்கள் என்று பவுல் கடிந்துகொள்வதும் மறக்கத்தக்கதன்று (1 கொரி. 11:21). திருவிருந்தில் சாறு வழங்கும் சபை, பலவீனமான சகோதரனை முன்னிட்டு அவ்வாறு செய்கிறது என்றால் அது அப்போஸ்தலருடைய நியாயம். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அதற்காக முதல் நூற்றாண்டில் வெல்ச்சின் புட்டியை வைத்துப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நம் தமிழ்ச் சொல்லும் இக்குழப்பத்துக்குச் சிறிது காரணம். திராட்சரசம் என்றால் சாறு என்றும் பொருள், மது என்றும் பொருள். கிரேக்கத்தில் புளித்த ரசத்தைக் குறிக்கும் ஒய்னொஸ் வரும் இடங்களில் நம் பழைய மொழிபெயர்ப்பு திராட்சரசம் என்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் ஏளனம் செய்தவர்கள் சொன்ன சொல்லோ கிளெயுகொஸ். இனிய புது ரசம் என்பது அதன் பொருள். அங்கே நம் மொழிபெயர்ப்பில் மதுபானம் என்று உள்ளது (அப். 2:13). கடுமையான சொல்லுக்கு மென்மையும் மென்மையான சொல்லுக்குக் கடுமையும் வாய்த்துவிட்டன. அறுவடைக்கு எட்டு மாதம் கழித்துப் புது ரசம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு, கேட்டோவின் குளத்துச் சாடி போன்றதொன்றே விடையாகலாம்.

ஆயர்களுக்கு ஒன்று. திறந்த ஒயின் புட்டி நம் வெயிலில் சில நாட்களே தாங்கும்; வெஸ்டிரி அலமாரியில் அடுத்த மாதத் திருவிருந்துக்கென்று எடுத்து வைத்தால், அன்று சபையார் காடியையே பருகுவர். உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி வடிக்கும் சபைகளில், சனிக்கிழமை மாலை செய்த சாற்றில் மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் விட்டால், அடுத்த ஞாயிற்றுக்குள் அது தானே நுரைத்துத் தக்கையை எழுப்பும்.